கோப்பை வென்றும் பிழைக்காத அணி: ஆர்லாண்டோ பாந்தர்ஸை வைத்து மைனர் லீக் ஓர் அறிமுகம்

அமெரிக்கன் ஃபுட்பால் என்றதும் நம் ஊரில் பலருக்கு நினைவுக்கு வருவது ஆண்டுக்கொரு முறை செய்தியில் அடிபடும் இறுதி ஆட்டமான சூப்பர் போல்தான். அதற்குப் பின்னால் என்எஃப்எல் என்ற பெரிய லீக் இருக்கிறது, அதில் 32 அணிகள் இருக்கின்றன என்பது வரை கொஞ்சம் ஆர்வம் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த 32 அணிகளுக்கு வெளியே கடந்த நூறு ஆண்டுகளில் எத்தனையோ அணிகள் பிறந்து, சில சீசன் ஆடி, கலைந்துபோயிருக்கின்றன. அவற்றைத்தான் மைனர் லீக் அணிகள் என்கிறோம். அப்படி ஓர் அணி எப்படி உருவாகிறது, எதை வைத்துப் பிழைக்கிறது, நன்றாக ஆடியும் ஏன் மூடப்படுகிறது? பொதுவாகப் பேசிக்கொண்டு போவதைவிட ஓர் அணியின் கதையைச் சொன்னால் எளிதாக விளங்கும்.

நான் எடுத்துக்கொள்ளும் அணி ஃப்ளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ பாந்தர்ஸ். 1966 முதல் 1970 வரை ஐந்தே சீசன்கள். முதல் மூன்று சீசன்களிலும் லீக்கின் இறுதி ஆட்டத்துக்குப் போன அணி, இரண்டு முறை கோப்பையை வென்ற அணி. அப்படியிருந்தும் அது நிலைக்கவில்லை.

கதைக்குப் போகும் முன் ஆட்டத்தைப் பற்றி நாலு வரி. ஒரு பக்கத்துக்கு 11 பேர். மைதானத்தின் நீளம் 100 கெஜம். பந்து கையில் இருக்கும் அணிக்கு 10 கெஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள். முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு வாய்ப்பு, இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போகும். பந்தோடு எல்லையைக் கடந்தால் டச் டவுன், 6 புள்ளிகள். அதை ஒட்டி ஒரு உதை, அது கம்பங்களுக்கு நடுவே போனால் இன்னொரு புள்ளி. டச் டவுன் எட்ட முடியாத தூரத்தில் நின்றுவிட்டால், அங்கிருந்தே உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பலாம். அது ஃபீல்டு கோல், 3 புள்ளிகள். தாக்குதலை நடத்துபவர், பந்தை எறிபவர், அணியின் மூளை எல்லாமே குவார்ட்டர்பேக்தான். இவ்வளவு தெரிந்தால் போதும்.

மைனர் லீக் என்பது ஏணியா?

இந்தக் கேள்வியில்தான் பலரும் குழம்புவார்கள். ரஞ்சியில் நன்றாக ஆடியவர் இந்திய அணிக்குப் போவதுபோல, கீழே ஒரு லீக், மேலே ஒரு லீக், நடுவில் ஒழுங்கான படிக்கட்டு என்று நினைத்துக்கொள்வோம். பேஸ்பாலில் ஓரளவு அப்படித்தான். மேஜர் லீக் அணி ஒவ்வொன்றும் தனக்குக் கீழே உள்ள மைனர் லீக் அணிகளின் வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்து வளர்க்கிறது. ஃபுட்பாலில் அந்த வேலையைப் பல்கலைக்கழகங்கள் செய்துவிடுகின்றன. நான்கு வருடம் கல்லூரி அணியில் ஆடியவர்களை என்எஃப்எல் 1936 முதல் டிராஃப்ட் என்ற முறையில் வரிசையாகத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. பயிற்சி கொடுத்த செலவு கல்லூரியுடையது. அதனால் தனக்கென்று ஒரு மைனர் லீக்கைக் கட்டிக் காக்க என்எஃப்எல்லுக்குப் பெரிய தேவையே எழவில்லை.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பியக் கால்பந்தில் இருப்பதுபோல, கீழ் லீக்கில் முதலிடம் பிடித்த அணி அடுத்த ஆண்டு மேல் லீக்குக்கு ஏறும் வழக்கம் அமெரிக்காவில் கிடையாது. தனி வீரர் மேலே போகலாம், அணி போக முடியாது. எத்தனை கோப்பை வென்றாலும் பாந்தர்ஸ் பாந்தர்ஸாகவே என்எஃப்எல்லுக்குள் நுழைந்திருக்க வழியில்லை.

அப்படியானால் இந்த அணிகளில் ஆடியது யார்? டிராஃப்டில் யாரும் பெயர் சொல்லாதவர்கள். ஆகஸ்ட் மாதப் பயிற்சி முகாமில் கடைசி நாளில் கழித்துவிடப்பட்டவர்கள். 1960-களில் ஓர் என்எஃப்எல் அணியில் சுமார் 40 பேருக்குத்தான் இடம். 41-ஆவது ஆள் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும். சின்னக் கல்லூரியில் படித்ததால் யார் கண்ணிலும் படாதவர்கள், கல்லூரிக்கே போகாதவர்கள், முழங்கால் காயம் ஆறி மறுபடி முயற்சி செய்பவர்கள் எல்லோரும் இங்கேதான் வந்தார்கள்.

இதற்கு இன்னும் பழைய, இன்னும் கசப்பான ஒரு பக்கமும் உண்டு. 1934 முதல் 1945 வரை என்எஃப்எல்லில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. எழுதப்பட்ட விதி எதுவும் இல்லாமலே முதலாளிகள் கதவைச் சாத்தியிருந்தார்கள். கென்னி வாஷிங்டன் அன்றைய கல்லூரி ஆட்டத்தின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவர். அவர் தன் நல்ல வருடங்களைப் பசிஃபிக் கடற்கரையின் மைனர் லீக்கில், ஹாலிவுட் பேர்ஸ் அணியில் கழித்தார். பேஸ்பாலில் பின்னால் வரலாறு படைத்த ஜாக்கி ராபின்சனும் 1941-இல் ஹவாயில் ஹொனலூலு பேர்ஸ் என்ற ஃபுட்பால் அணிக்காக ஆடியிருக்கிறார். மேலே கதவு மூடியிருந்தபோது திறந்திருந்த இடம் மைனர் லீக். தரம் குறைந்த ஆட்டம் என்று இதை ஒதுக்கிவிடுபவர்கள் இந்த உண்மையைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பது என் வருத்தம்.

நியூவர்க்கிலிருந்து ஆரஞ்சுத் தோட்டத்துக்கு

பாந்தர்ஸ் ஆர்லாண்டோவில் பிறந்த அணி அல்ல. நியூ ஜெர்சி மாநிலத்தில் நியூவர்க் பேர்ஸ் என்ற பெயரில் ஆடிக்கொண்டிருந்தது. 1965-இல் கான்டினென்டல் ஃபுட்பால் லீக் என்ற புதிய லீக் தொடங்கியபோது அதில் சேர்ந்தது. நியூவர்க்கிலிருந்து ஆற்றைத் தாண்டினால் நியூயார்க். ஜயன்ட்ஸ், ஜெட்ஸ் என்று இரண்டு பெரிய அணிகள் அங்கே இருக்கும்போது பக்கத்து ஊர்ச் சின்ன அணியை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்? ஒரே சீசனில் மூட்டையைக் கட்டிக்கொண்டு 1966-இல் தெற்கே வந்து ஆர்லாண்டோ பாந்தர்ஸ் ஆனது.

அன்றைய ஆர்லாண்டோவை இன்றைய சுற்றுலா நகரமாகக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. சுற்றிலும் ஆரஞ்சு, டேஞ்சரின் தோட்டங்கள். 1970 மக்கள்தொகைக் கணக்கிலேகூட நகருக்குள் ஒரு லட்சம் பேர் இல்லை. வால்ட் டிஸ்னி தன் திட்டத்தை அறிவித்தது 1965 நவம்பரில். டிஸ்னி வேர்ல்டு திறந்தது 1971 அக்டோபரில். பாந்தர்ஸின் ஐந்து சீசன்களும் இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே அடங்கிவிடுகின்றன. ஊர் பெரிதாகப் போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம், ஆனால் இன்னும் பெரிதாகவில்லை. அணி ஆடிய மைதானத்தின் பெயர் டேஞ்சரின் போல். ஊர்க்காரர்களுக்கு வேறு தொழில்முறை அணி கிடையாது. ஒரு மைனர் லீக் அணிக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அமைவது அரிது.

லீக்கின் ஆசையோ பெரிது. முதல் கமிஷனராக, அதாவது லீக்கின் தலைமை நிர்வாகியாக, கொண்டுவந்தது 'ஹாப்பி' சாண்ட்லரை. கென்டக்கி மாநிலத்தின் முன்னாள் ஆளுநர், ஜாக்கி ராபின்சன் 1947-இல் மேஜர் லீக் பேஸ்பாலுக்குள் நுழைந்தபோது அந்த விளையாட்டின் கமிஷனராக இருந்தவர். அவ்வளவு பெரிய பெயரைத் தலைமையில் வைத்தது நாங்கள் மைனர் அல்ல, என்எஃப்எல், ஏஎஃப்எல் இரண்டுக்கும் அடுத்த மூன்றாவது பெரிய லீக் என்று காட்டத்தான். கனடாவில்கூட மான்ட்ரியல், டொரன்டோ என்று இரண்டு ஊர்களில் அணி வைத்தார்கள்.

பெரிய லீக் எது, சின்ன லீக் எது என்பதை ஆட்டத்தின் தரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. தொலைக்காட்சிப் பணம்தான் தீர்மானிக்கிறது. 1961-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. லீக்கில் உள்ள எல்லா அணிகளும் சேர்ந்து ஒரே ஒப்பந்தமாக ஒளிபரப்பு உரிமையை விற்கலாம் என்று அது அனுமதித்தது. அதை வைத்து 1964, 1965 ஆண்டுகளுக்கு என்எஃப்எல் சிபிஎஸ் நிறுவனத்திடம் வருடத்துக்கு 1 கோடியே 41 லட்சம் டாலர் வாங்கியது. 14 அணிகள், சமமாகப் பங்கு. ஒரு டிக்கெட்கூட விற்காமலே ஓர் அணிக்குப் பத்து லட்சம் டாலர் கையில். அப்போது அதற்குப் போட்டியாக இருந்த ஏஎஃப்எல் லீக்கும் என்பிசி நிறுவனத்தோடு ஐந்து வருடத்துக்கு 3 கோடியே 60 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. கான்டினென்டல் லீக்கின் 1966 இறுதி ஆட்டத்தை ஏபிசி ஒளிபரப்பியது. உரிமைக்கு அது கொடுத்த தொகை 500 டாலர். அணிக்கு அல்ல, லீக்குக்கே 500 டாலர். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் மைனர் லீக்கின் பாதியைப் புரிந்துகொண்ட மாதிரி. ஒளிபரப்பு வருமானம் இல்லாத அணிக்கு டிக்கெட் வசூல்தான் சாப்பாடு. ஒரு சீசனில் சொந்த ஊரில் ஆறேழு ஆட்டங்கள்தான் இருக்கும். அதில் ஒரு சனிக்கிழமை இரவு மழை கொட்டினால் ஆறில் ஒரு பங்கு வருமானம் போயிற்று. ஆனால் மைதான வாடகை, வெளியூர்ப் பயணம், தங்கும் செலவு, ஹெல்மெட், தோள்கவசம், காயம்பட்டவரின் ஆஸ்பத்திரிச் செலவு எதுவும் மழைக்காகக் குறையாது. ஃபுட்பால் ஆள்பலம் தேவைப்படும் ஆட்டம். பேஸ்கட்பால் அணியைப் பத்துப் பன்னிரண்டு பேரோடு நடத்திவிடலாம். இங்கே முப்பது, நாற்பது பேர் பயணம் போக வேண்டும்.

அதனால் சம்பளம் சொற்பம். பெரும்பாலான வீரர்களுக்கு ஓர் ஆட்டத்துக்கு 100, 200 டாலர் என்ற அளவில்தான் கிடைத்தது. பகலில் ஆசிரியராக, விற்பனையாளராக, தொழிற்சாலையில் என்று வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வந்தார்கள். தொழில்முறை வீரர் என்று பெயர், பிழைப்பு வேறு வேலையில்.

இறுதி ஆட்டங்கள்

பாந்தர்ஸின் கோச் பெர்ரி மாஸ். ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணியையும் கனடாவின் மான்ட்ரியல் அலுவட்ஸ் அணியையும் நடத்திய அனுபவம் உள்ளவர். குவார்ட்டர்பேக் டான் ஜோனஸ். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடியபோது ஜோனஸ் குவார்ட்டர்பேக் அல்ல, பந்தோடு ஓடுபவர். 1962-இல் என்எஃப்எல்லின் பிலடெல்பியா ஈகிள்ஸில் தலைகாட்டினார், நிலைக்கவில்லை. நியூவர்க்குக்கு வந்து குவார்ட்டர்பேக் ஆனார், அணி ஆர்லாண்டோவுக்குப் போனபோது கூடவே போனார். 1966, 1967, 1968 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்கே. பெரிய லீக்கில் இடமில்லை என்று அனுப்பப்பட்டவர் இன்னொரு வேலைக்குப் பழகி, அதில் உச்சத்தைத் தொட்டிருக்கிறார். அப்படிப் பழக ஓர் இடம் இருந்ததே மைனர் லீக்கின் பயன் என்று நான் நினைக்கிறேன்.

1966 இறுதி ஆட்டத்தில் எதிரணி பிலடெல்பியா புல்டாக்ஸ். நேரம் முடிந்தும் சமநிலை, கூடுதல் நேரத்துக்குப் போய் 20–17 என்று பாந்தர்ஸ் தோற்றது. 1967-இல் கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுன்டி ராம்ப்ளர்ஸை 38–14 என்று வென்று முதல் கோப்பை. 1968-இல் அதே ராம்ப்ளர்ஸ், இந்த முறை 30–23. இரண்டாவது கோப்பை.

இதில் கவனிக்க வேண்டியது பிலடெல்பியா. 1966-இல் கோப்பையை வென்ற புல்டாக்ஸ் 1967 சீசனுக்கு இல்லை. சாம்பியனாக இருந்தபடியே கலைந்துவிட்டது. ஈகிள்ஸ் இருக்கும் ஊரில் இன்னொரு அணிக்கு ஆட்கள் வரவில்லை. இது விதிவிலக்கும் அல்ல. பென்சில்வேனியாவில் பாட்ஸ்டவுன் என்ற சின்ன ஊரின் ஃபயர்பேர்ட்ஸ் அணி, அட்லாண்டிக் கோஸ்ட் ஃபுட்பால் லீக்கில் 1969, 1970 இரண்டு ஆண்டும் கோப்பையை வென்றது. இரண்டாவது கோப்பையோடு அதன் கதையும் முடிந்தது. பெரிய லீக்கில் வெற்றியும் வருமானமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. மைனர் லீக்கில் அவை இரண்டும் தனித்தனிக் கணக்கு. ஜெயித்தால் வீரர்களுக்குச் சம்பளம் கூட்ட வேண்டியிருக்கும், இறுதி ஆட்டத்துக்குப் பயணச் செலவு வேறு. வசூல் அதற்கு ஈடாக ஏறும் என்று சொல்ல முடியாது.

பெரிய அணியின் நிழலில் ஒதுங்கிக்கொள்வது ஒரு வழி. பிரிட்ஜ்போர்ட் ஜெட்ஸ் என்ற மைனர் லீக் அணி நியூயார்க் ஜெட்ஸோடு சேர்ந்து இயங்கியது. பெயரே அதைச் சொல்லிவிடும். பெரிய அணி உடனடியாகத் தேவைப்படாத வீரர்களை அனுப்பிவைக்கும், கொஞ்சம் உதவியும் செய்யும். ஓக்லண்ட் ரெய்டர்ஸ் 1968-இல் தான் தேர்ந்தெடுத்த கென் ஸ்டேப்ளர் என்ற இளம் குவார்ட்டர்பேக்கை கான்டினென்டல் லீக்கின் ஸ்போகேன் ஷாக்கர்ஸுக்கு அனுப்பியது. அதே ஸ்டேப்ளர் 1977 ஜனவரியில் ரெய்டர்ஸுக்கு சூப்பர் போல் வென்று கொடுத்தார். அந்த ஆட்டத்தில் அவரோடு இருந்த ஓட்டிஸ் சிஸ்ட்ரங்க் கல்லூரி ஃபுட்பாலே ஆடாதவர். கான்டினென்டல் லீக்கின் நார்ஃபோக் நெப்டியூன்ஸ்தான் அவருக்குக் கல்லூரி மாதிரி. சான் ஹோசே அபாச்சீஸ் என்ற அணி 1967-இல் ஒரு சீசன் ஆடிவிட்டு மறைந்தது. அதன் கோச் பில் வால்ஷ், பின்னாளில் சான் ஃப்ரான்சிஸ்கோ 49-அர்ஸோடு மூன்று சூப்பர் போல் வென்றவர்.

1970 ஆகஸ்ட் 15

பாந்தர்ஸின் பெயர் இன்றும் எங்காவது அச்சில் வருகிறதென்றால் அது கோப்பைகளுக்காக அல்ல, அணியின் கடைசி சீசனில் நடந்த ஒன்றுக்காக.

உதைப்பவர் தனியாக உதைப்பதில்லை. முன்வரிசையின் நடுவில் இருப்பவர் பந்தைத் தன் கால்களுக்கு இடையே பின்னோக்கி எறிவார். ஏழெட்டு கெஜம் பின்னால் ஒருவர் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருப்பார். வரும் பந்தைப் பிடித்து, அதன் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். பந்தின் தையல் நாடா உதைக்கும் பக்கம் வராதபடி திருப்பியும் வைக்க வேண்டும். எல்லாம் ஒன்றிரண்டு நொடியில். அதற்குள் எதிரணியின் முன்வரிசை மொத்தமும் பாய்ந்து வந்துகொண்டிருக்கும். இப்படிப் பிடித்துக் கொடுப்பவருக்கு ஹோல்டர் என்று பெயர்.

1970-இல் ஸ்டீவ் பாலின்காஸ் பாந்தர்ஸில் உதைப்பவராக இடம்பிடிக்க முயன்றார். அவருக்குப் பழக்கமான ஹோல்டர் அவர் மனைவி பாட். பள்ளி ஆசிரியையாக இருந்தவர். கணவர் பயிற்சி செய்யும்போதெல்லாம் பந்தைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். அணி அவரையும் சேர்த்து ஒப்பந்தம் செய்தது. கூட்டம் சேர்க்கும் உத்தி இதில் இருந்தது என்பதில் சந்தேகமில்லை. டிக்கெட் விற்றால்தான் சாப்பாடு என்ற நிலையில் உள்ள அணி அப்படித்தான் யோசிக்கும். ஆனால் பாட் பாலின்காஸ் விளம்பரத்துக்காக ஓரமாக நிற்கவில்லை. ஆகஸ்ட் 15 அன்று பிரிட்ஜ்போர்ட் ஜெட்ஸுக்கு எதிராக ஆர்லாண்டோவில் களம் இறங்கினார். ஆண்களின் தொழில்முறை ஃபுட்பால் ஆட்டத்தில் ஆடிய முதல் பெண் அவர்தான்.

முதல் முயற்சியிலேயே பந்து சரியாக வரவில்லை, கைக்குள் அடங்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு அவர் எழுந்து ஓடப் பார்த்தார். பாட் சுமார் 55 கிலோ இருப்பார். எதிரே வந்த வாலி ஃப்ளாரன்ஸ் நூறு கிலோவைத் தாண்டியவர். முழு பலத்தோடு மோதிக் கீழே தள்ளினார். பாட் எழுந்தார். அத்தோடு விலகிவிடவில்லை. அதே ஆட்டத்தில் மறுபடியும் உள்ளே போய் வெற்றிகரமாகப் பிடித்துக் கொடுத்தார்.

ஆட்டம் முடிந்ததும் ஃப்ளாரன்ஸ் பேசியது பத்திரிகைகளில் வந்தது. அவள் கழுத்தை உடைக்கத்தான் பார்த்தேன், நான் இங்கே பிழைப்புக்காக ஆடிக்கொண்டிருக்கிறேன், அவள் ஆண்களின் ஆட்டத்தைக் கேலிக்கூத்தாக்குகிறாள் என்ற பொருளில் பேசியிருந்தார். அந்தப் பேச்சை நியாயப்படுத்த முடியாது. ஆனால் 'பிழைப்பு' என்ற அந்தப் பகுதியைத் தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. சொற்பக் காசுக்கு உடம்பை அடகு வைத்து, என்றாவது பெரிய அணி ஒன்றிலிருந்து அழைப்பு வரும் என்று காத்திருந்தவர்களில் அவரும் ஒருவர். கதவுக்கு வெளியே நின்ற ஒருவர், அதைவிட வெளியே நிறுத்தப்பட்டிருந்த இன்னொருவர் மேல் மோதியிருக்கிறார். கென்னி வாஷிங்டனுக்கு மைனர் லீக் திறந்துவைத்த அதே இடம்தான் பாட் பாலின்காஸுக்கும் திறந்தது. திறந்தது என்பதற்காக வரவேற்றது என்று பொருள் இல்லை.

எப்படி முடிந்தது

கான்டினென்டல் லீக் பரந்துகொண்டே போனதுதான் அதன் வினை. தொலைக்காட்சியின் கவனம் வேண்டுமென்றால் நாடு முழுக்க அணிகள் வேண்டும். அதனால் கலிஃபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் என்று மேற்குக் கரையில் அணிகளைச் சேர்த்தார்கள். பிறகு நடுமேற்கு மாநிலங்களின் ஒரு லீக்கை 1968-இலும், டெக்சாஸின் ஒரு லீக்கை 1969-இலும் தன்னோடு இணைத்துக்கொண்டார்கள். கடைசி சீசனில் அணிகளின் எண்ணிக்கை 20-ஐத் தாண்டியது. எண்ணிக்கை கூடக் கூட விமானச் செலவு கூடியது, வரவு கூடவில்லை. இன்னொரு பக்கம் 1966 ஜூனில் என்எஃப்எல்லும் ஏஎஃப்எல்லும் இணையப்போவதாக அறிவித்துவிட்டன. அட்லாண்டா, மயாமி, நியூ ஆர்லியன்ஸ் என்று தெற்கிலும் பெரிய லீக் அணிகள் முளைத்தன. ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுத் தொலைக்காட்சியில் நாட்டின் சிறந்த ஆட்டம் இலவசமாக வரும்போது, சனிக்கிழமை இரவு உள்ளூர் மைதானத்துக்கு டிக்கெட் எடுத்து வர என்ன காரணம்?

1969 சீசனோடு கான்டினென்டல் லீக் முடிந்தது. அதன் கடைசிக் கோப்பை இண்டியானாபொலிஸ் கேப்பிட்டல்ஸுக்கு. ஆர்லாண்டோவும் நார்ஃபோக்கும் 1970-இல் அட்லாண்டிக் கோஸ்ட் லீக்குக்குப் போயின. ஜோனஸ் கனடாவுக்குப் போய்விட்டார். அந்த ஒரு சீசனோடு பாந்தர்ஸும் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில் டிஸ்னி வேர்ல்டு திறந்தது.

அதன் பிறகு ஆர்லாண்டோவுக்கு வந்த ஃபுட்பால் அணிகளின் வரிசை நீளமானது. 1974-இல் உலக ஃபுட்பால் லீக்கின் ஃப்ளோரிடா பிளேசர்ஸ், பல வாரம் சம்பளமே வராமல் ஆடி இறுதி ஆட்டம் வரை போய், 22–21 என்று ஒரே புள்ளியில் தோற்றது. 1985-இல் ரெனிகேட்ஸ், 1991-இல் தண்டர், 2001-இல் ரேஜ். எதுவும் இரண்டு சீசனைத் தாண்டவில்லை. 2019-இல் வந்த அப்பல்லோஸ் எட்டு ஆட்டத்தில் ஏழை வென்று லீக்கிலேயே முதலிடத்தில் இருந்தபோது ஏப்ரல் தொடக்கத்தில் லீக்கே நின்றுபோனது. காப்பீட்டுச் செலவு இந்த அணிகளை எப்படி ஆட்டிவைக்கிறது என்பதற்கு அப்பல்லோஸே சாட்சி. பணியின்போது ஏற்படும் காயத்துக்கான இழப்பீட்டுச் சட்டத்தில் தொழில்முறை விளையாட்டு வீரர்களை ஃப்ளோரிடா சேர்ப்பதில்லை. அதனால் அந்த அணி எல்லையைத் தாண்டி ஜார்ஜியாவின் கிங்ஸ்லாண்டில் பயிற்சி செய்துவிட்டு, ஆட்டத்துக்கு மட்டும் ஆர்லாண்டோவுக்கு வந்தது. பாந்தர்ஸின் கோப்பைகளுக்கு அரை நூற்றாண்டு கழித்தும் கணக்குப் புத்தகத்தின் தலைவலி மாறவில்லை.

ஆட்கள் என்ன ஆனார்கள்

அணி மூடினால் அதன் பதிவேடு மூடும். ஆட்கள் வேறு வேலைக்குப் போவார்கள். ஆர்லாண்டோவின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இங்கேதான் இருக்கிறது.

ஜோனஸ் 1970-இல் டொரன்டோ ஆர்கோனாட்ஸில் ஆடி, அடுத்த ஆண்டு வின்னிபெக் ப்ளூ பாம்பர்ஸுக்கு மாறினார். 1971 சீசனில் மொத்தம் 4,000 கெஜத்துக்கு மேல் எறிந்து, கனடா லீக்கின் ஆகச் சிறந்த வீரர் விருதை வாங்கினார். என்எஃப்எல் கழித்துவிட்டவர், மைனர் லீக்கில் ஆண்டுகள் கழித்தவர், முப்பத்து மூன்று வயதை ஒட்டி ஒரு நாட்டின் தலைசிறந்த வீரர். ஆடி முடித்ததும் ஆர்லாண்டோவுக்கே திரும்பி வந்தார். நகரசபை உறுப்பினராகவும் இருந்தார்.

1979-இல் அங்குள்ள சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் ஃபுட்பால் அணி ஒன்றைத் தொடங்க முடிவு செய்தது. உதவித்தொகை கிடையாது, பணம் கிடையாது, மிகக் கீழான மூன்றாம் பிரிவில் தொடக்கம். முதல் கோச்சாக முன்வந்தவர் ஜோனஸ். தன்னார்வலராக, சம்பளம் வாங்காமல். செப்டம்பர் 22 அன்று செயின்ட் லியோ கல்லூரிக்கு எதிரான முதல் ஆட்டத்தை 21–0 என்று வென்றார்கள். சொந்த ஊர் ஆட்டங்கள் பாந்தர்ஸ் ஆடிய அதே டேஞ்சரின் போல் மைதானத்தில். மூன்று ஆண்டுகளில் 14 வெற்றி, 12 தோல்வி, ஒரு சமநிலை என்று கணக்கை முடித்து அவர் விலகினார். பெர்ரி மாஸும் 1990-களில் ஊருக்குத் திரும்பி, உள்ளரங்க ஃபுட்பால் லீக்கின் ஆர்லாண்டோ பிரடேட்டர்ஸ் அணிக்குக் கோச் ஆனார்.

பல்கலைக்கழக அணி 2006 வரை அந்த மைதானத்திலேயே ஆடியது. 1996-இல் கல்லூரி ஃபுட்பாலின் உச்சப் பிரிவுக்கு ஏறியது. 2014 புத்தாண்டு நாளில், சீசன் முடிவில் நடக்கும் பெரிய கல்லூரி ஆட்டங்களில் ஒன்றான ஃபியஸ்டா போலில் பேய்லர் பல்கலைக்கழகத்தை 52–42 என்று வென்றது. 2017 சீசனை 13 ஆட்டங்களில் 13 வெற்றியோடு முடித்தது.